கலந்ததும் கலந்துபோனதும்

விதைச் சான்று வேலையில் இருப்பவனுக்கு நல்ல வயல் கண்ணில் படாது. குத்தாலத்திலோ திருவிடைமருதூரிலோ ஒரு வேலி நிலம் ஒரே மட்டமாகக் கதிர் வாங்கி நிற்கும். வரப்பில் போகிறவர்கள் "என்னமா வெளைஞ்சிருக்கு" என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்குத் தெரிவதெல்லாம் கூட்டத்தோடு சேராத தூர்தான். நாலு விரற்கடை உயர்ந்து நிற்பது, மற்றதெல்லாம் பால் பிடித்த பிறகும் பூவிலேயே இருப்பது, மணியின் மூக்கு ஊதாவாக இருப்பது, மீசை வைத்தது. கலவன் என்போம். பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை நான் சம்பளம் வாங்கியது இந்தக் கலவனைக் கண்டுபிடிக்கத்தான்.

இதற்கு ஒரு முறை உண்டு. வெயில் ஏறுவதற்கு முன்னால் வயலில் இறங்க வேண்டும், வெயில் முதுகில் படும்படி நடக்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லாக் கதிரும் ஒரே மாதிரிதான் தெரியும். ஐந்து ஏக்கர் வரைக்கும் ஐந்து இடம், இடத்துக்கு ஆயிரம் கதிர் என்று எண்ணிப் பார்ப்போம். சான்று விதை என்றால் ஆயிரத்துக்கு இரண்டு கலவன் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல்படியான ஆதார விதைக்குப் பத்தாயிரத்துக்கு ஐந்துதான். காட்டு நெல் இருந்தால் இன்னும் கெடுபிடி: சான்று விதை வயலிலேயே பத்தாயிரத்துக்கு இரண்டைத் தாண்டக் கூடாது. பக்கத்து வயல் நெல்லுக்கும் விதை வயலுக்கும் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். பூக்கும்போது ஒரு ஆய்வு, அறுப்புக்கு முன் ஒரு ஆய்வு. அறுத்துச் சுத்தப்படுத்திய பிறகு ஆய்வுக்கூடம். அங்கே முளைப்பு நூற்றுக்கு எண்பது, ஈரம் பதின்மூன்று சதவீதத்துக்குள், புறத்தூய்மை தொண்ணூற்றெட்டு. எல்லாம் தாண்டினால் நீல அட்டை. ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, வல்லுநர் விதைக்கு மஞ்சள். 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் கீழ் நாடு முழுக்க இதே நிறங்கள்தான்.

கலவனைப் பிடுங்குவதில் அலுவலரைவிடக் கெட்டிக்காரர்கள் நடவுக்கு வரும் பெண்கள். நாங்கள் கதிர் வந்த பிறகு கண்டுபிடிப்பதை அவர்கள் நாற்றுப் பறிக்கும்போதே இலையைத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். துறையின் கையேடு எதிலும் இது கிடையாது, கூலியிலும் இதற்கென்று ஒரு காசு கூடுதலாகக் கிடையாது.

இந்த வேலையில் பாதி வயல், பாதி பயணம். ஜீப் எல்லா நாளும் கிடைக்காது. டவுன் பஸ், மினி பஸ், மயிலாடுதுறை – தஞ்சாவூர் பாசஞ்சர் என்று மாறி மாறி ஏறி இறங்கியே காலம் போனது. அப்படி ஒரு பாசஞ்சரில் கேட்ட பேச்சைத்தான் இங்கே எழுத வந்தேன். பயிற்சிகளில் நான் உட்கார்ந்ததுண்டு, பாடம் எடுத்ததும் உண்டு. அங்கெல்லாம் வராத ஒரு விஷயம் குத்தாலத்துக்கும் அய்யம்பேட்டைக்கும் நடுவில் வந்தது.

2013 தை மாதம். டெல்டாவுக்கு அது கெட்ட வருடம். முந்தைய ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கவில்லை. செப்டம்பர் 17-இல்தான் திறந்தார்கள். ஆற்றை நம்பிய இடத்தில் குறுவை போய்விட்டது, சம்பாவும் பல ஊர்களில் கதிர் வரும் நேரத்தில் தண்ணீருக்கு நின்றது. போர் வசதி உள்ள குத்தாலம் பக்கத்தில் மட்டும் பச்சை தெரிந்தது. அங்கே ஆடுதுறை 39 விதை வயல் ஒன்றில் ஆய்வு முடித்துவிட்டு, மத்தியான வண்டியில் ஏறினேன். கையில் ஒரு துணிப் பை. அதில் வயலில் பிடுங்கிய கதிர்கள். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக, வேண்டுமென்றே அதே ரகத்தில் உரத்தடியில் நின்று உயர்ந்துபோன இரண்டு தூரையும் கலந்து வைத்திருந்தேன். கலவன் போலத் தெரியும், ஆனால் கலவன் இல்லை. பரீட்சை வைக்க இதைவிட நல்ல வினா கிடையாது.

எதிர் இருக்கையில் ஒரு பெரியவர். எண்பது இருக்கலாம். வெள்ளை வேட்டி, தோளில் ஈரிழைத் துண்டு, காலடியில் மஞ்சள் பை. அய்யம்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்த பேத்தி வீட்டுக்குப் போகிறார் என்பது பிறகு தெரிந்தது. பையின் வாயில் நீட்டிக்கொண்டிருந்த கதிர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அது எதுக்கு இத்தனை தினுசு கருது?"

விதைப் பண்ணை, கலவன், ஆய்வு என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே துண்டை மடியில் விரித்து, "குடுங்க பாப்பம்" என்றார். ஒவ்வொரு கதிராக எடுத்து, அடித்தாளைப் பார்த்து, மணியை நகத்தால் கிள்ளி, மூன்றாகப் பிரித்து வைத்தார்.

"இது பொன்னி. இது காட்டு நெல்லு, அறுக்கறதுக்கு முந்தியே கொட்டிப்புடும். இந்த ரெண்டும் உங்க நெல்லேதான். நல்லாத் தின்னுட்டு வளந்துருக்கு. இதைப் பாவம் எதுக்குப் புடுங்குனீங்க?"

பிள்ளைகளுக்கு வைத்திருந்த பரீட்சையைக் கும்பகோணம் வருவதற்கு முன்னாலேயே ஒருவர் எழுதி முடித்துவிட்டார். காரணத்தைச் சொன்னதும் சிரித்தார். 'சார்' போய்த் 'தம்பி' ஆனது அதற்குப் பிறகுதான்.

அப்பா காலத்திலிருந்து ஒரு பெரிய பண்ணையில் வேலை பார்த்த குடும்பம். நாற்றங்கால் விடுவது அவர்கள் பொறுப்பு. பின்னால் சொந்தமாக மூன்று மா நிலம் சேர்ந்தது. அதையும் இப்போது மகன் பார்க்கிறான். இவ்வளவையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டு, நேராக என் தொழிலுக்கு வந்தார்.

"கலப்புதானே தம்பி உங்களுக்கு ஆகாது? எங்கப்பா கலந்துதான் விதைப்பாரு. நாலு மரக்கா குறுவைக்கு ஒரு மரக்கா ஒட்டடான்."

ஒட்டடானைப் பற்றி நான் படித்திருந்தேன். பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் ஊடு சாகுபடி என்று விவசாயக் கல்லூரிப் பாடத்தில் ஒரு பத்தி வரும். தேர்வுக்குக்கூடக் கேட்க மாட்டார்கள். குறுகிய நாள் குறுவையையும் நீண்ட நாள் ஒட்டடானையும் ஒன்றாகக் கலந்து விதைத்து, ஒன்றாகவே நட்டுவிடுவது. நட்டவரிடமிருந்து அதை அன்றுதான் கேட்டேன்.

"ஆனி, ஆடியில தண்ணி வந்ததும் ஒரே நாத்தங்கால், ஒரே நடவு. புரட்டாசிக் கடைசியில குறுவை தலை சாஞ்சுரும். அறுக்கறப்ப ஒட்டடான் தாளும் சேந்துதான் அறுபடும். அதுல அப்ப கருதே இருக்காது. தாளு போனாப் போவுது, அடி இருக்கே. மழை புடிச்சதும் தழைக்கும். ஐப்பசி, கார்த்திகையில வயலு குளமாக் கெடந்தாலும் அது பாட்டுக்கு நிக்கும். தையில, மாசியில அறுப்போம். ரெண்டாவது உழவு கெடையாது, ரெண்டாவது நடவு கெடையாது. மாடு இல்லாதவன், ஆளு கெடைக்காதவன் என்ன பண்ணுவான்? கொட்டுற மழையில மறுநடவு நட முடியாத பள்ளக்கால் எவ்வளவு கெடந்துச்சு?"

அறுபதுகளுக்கு முந்தைய டெல்டாவை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் முட்டிக்கொள்ளும் இடம் இது. அறுத்த கையோடு உழுது, சேறாக்கி, மழை இறங்குவதற்குள் தாளடி நட வேண்டும். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் மாடும் ஆளும் தேவைப்படும். அந்த நெருக்கடியைச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழிதான் ஒட்டடான். கேரளத்திலும் இதே ஏற்பாடு இருந்தது. முதல் போக நெல்லோடு முண்டகனைக் கலந்து விதைப்பதைக் கூட்டுமுண்டகன் என்பார்கள். மழை ஒரே மாதிரி வம்பு செய்யும் ஊர்களில் விவசாயி ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறான்.

எனக்கு மண்டைக்குள் ஓடியது வேறு கேள்வி. சான்று அலுவலனின் கேள்வி.

"அது சரிங்கய்யா. ரெண்டும் ஒரே வயல்ல நிக்குது. அடுத்த வருஷ விதைக்கு எப்படிப் பிரிச்சீங்க?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நாமெங்க பிரிக்கிறது? நாளு பிரிச்சுக் குடுக்குதே! குறுவை அறுக்கறப்ப ஒட்டடான்ல கருது இல்ல. ஒட்டடான் அறுக்கறப்ப குறுவை பத்தாயத்துல இருக்கு. களத்துல ரெண்டும் எங்க சந்திக்கும்?"

நரசிங்கன்பேட்டை தாண்டி ஆடுதுறைக்குள் வண்டி நுழைந்துகொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு கணக்குப் போட்டேன். நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். அயல் மகரந்தம் சேர்வது மிகச் சொற்பம், அதுவும் இரண்டு ரகமும் ஒரே நேரத்தில் பூத்தால்தான். ஒட்டடான் பகல் பொழுது குறைந்தால்தான் கதிர் வாங்கும் நெல். ஆனியில் விதைத்தாலும் சரி, குறுவை பூக்கும் நாளில் அது இலையாகவே நிற்கும். பூவிலும் சந்திக்காது, கதிரிலும் சந்திக்காது, களத்திலும் சந்திக்காது. நாங்கள் சட்டப்படி மூன்று மீட்டர் இடைவெளி கேட்கிறோம். அவர்கள் அந்த இடைவெளியை நிலத்தில் விடாமல் நாளில் விட்டிருக்கிறார்கள், மூன்று மாதம். வீரிய ஒட்டு விதை உற்பத்தியில் தூரத்துக்குப் பதிலாகப் பூக்கும் காலத்தைத் தள்ளிவைக்கலாம் என்று எங்கள் விதிகளே சொல்கின்றன. அதே தந்திரம்தான். நாலுக்கு ஒன்று என்ற விகிதமும் வருடா வருடம் புதிதாக அளந்து கலக்கப்படுவது, தானாக ஏறி இறங்குவதில்லை.

இதைச் சொன்னபோது அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நாங்க கலந்தது வேற தம்பி, கலந்துபோனது வேற" என்றார். "கலந்தது எவ்வளவு, எப்ப அறுக்கும், எதுக்குன்னு அளந்தவனுக்குத் தெரியும். கலந்துபோனது யாருக்கும் தெரியாது. நீங்க புடுங்கறது அதை. அது சரிதான், புடுங்குங்க."

பின்னால் நான் எடுத்த பயிற்சி வகுப்புகளில் இதை அவர் பெயர் சொல்லாமல் (பெயர் கேட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை) எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

ஆடுதுறை நிலையத்தில் வண்டி நின்றதும் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "இங்கேருந்துதான் இருபத்தேழு வந்துச்சு." 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம். ஜப்பானிய ரகமான நோரின் 10-ஐயும் நம்முடைய ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டி இங்கே உருவாக்கிய ஆடுதுறை 27, 1965-இல் வெளியானது. தஞ்சாவூர் ஜில்லாவில் அதற்கு ஐந்து வருடத்துக்கு முன்பே ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு பேக்கேஜ் திட்டம் தொடங்கியிருந்தது. உரம், கடன், விதை மூன்றும் ஊருக்கு வந்துசேர்ந்தபோது அவற்றைத் தாங்கும் நெல்லும் வந்தது. குறுவை, தாளடி என்று இரண்டு முழுப் போகம் எடுக்க முடிந்தவன் ஒட்டடானை எதற்கு வைத்திருப்பான்?

பெரியவருக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. பாரம்பரியம் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "ஒட்டடான யாரும் தொரத்தல. மவசூல் தொரத்துச்சு. பண்ணையில எங்களுக்குக் கூலியா அளந்ததே அந்த நெல்லைத்தான். மொத்த அரிசி. நல்ல நெல்லு மேல போவும். இருபத்தேழு வந்தப்புறம்தான் எங்க வூட்டுலயும் ரெண்டு வேளை ஒலை கொதிச்சுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அதுலயும் ஒரு கோளாறு இருந்துச்சு. மழையில சாஞ்சா, கருதுலயே மொளைச்சுப்புடும். மூணு நாள் மூட்டம் விடாமப் பெஞ்சா, களத்துல பச்சப் பசேல்னு நாத்தங்காலா கெடக்கும். ஈர நெல்லைக் காயவைக்க வழியில்லாம ரோட்டுல பரப்புனம் பாருங்க, அந்த வருஷந்தான் ஆரம்பிச்சது."

கோளாறுக்குக் காரணம் விதை உறக்கம். சில நெல் அறுத்தவுடன் முளைக்காது. சில வாரம் உறங்கிவிட்டுத்தான் முளைக்கும். மழைக்காலத்தில் அறுக்கும் நெல்லுக்கு அந்த உறக்கம் ஒரு காப்பு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் புது நெல் முளைக்கவில்லை என்றால் உடனே தள்ளுபடி செய்வதில்லை. உறக்கத்தைக் கலைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்ப்போம். அதே உறக்கம் இல்லாத நெல் ஐப்பசி மழையில் அறுப்புக்கு வந்தால் கதிரிலேயே முளைக்கும். இதை அட்டவணையாக நான் படித்தேன். அவர் அந்தக் களத்தில் நின்றவர்.

கும்பகோணத்தில் கூட்டம் ஏறியது. தாராசுரம், சுவாமிமலை, பாபநாசம் வரைக்கும் பேச்சு விதைக்கோட்டையைப் பற்றி. வைக்கோல் பிரியைச் சுற்றி, நடுவில் நெல்லைக் கொட்டி, இறுக்கிக் கட்டி, மேலே சாணம் மெழுகிக் காயவைப்பது. கட்டுவதற்கு முன் நெல் காய்ந்ததா என்று கடித்துப் பார்ப்பது அவர் வேலை. 'நறுக்'கென்று உடைந்தால் கட்டலாம், நசுங்கினால் இன்னொரு வெயில். எங்கள் ஈரமானியில் பதின்மூன்று காட்டும் நெல்லை வாயில் போட்டுப் பிறகு நானும் கடித்துப் பார்த்தேன். நறுக்கென்றுதான் உடைகிறது. வீட்டுக்காரியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "கலவனை நாத்துலயே பிரிக்கறவ. அவ போனப்புறம் வயல்ல காட்டு நெல்லு ஏறிப்போச்சு." அய்யம்பேட்டையில் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அவர் கலந்து விதைத்ததைப் பிற்போக்கு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 1998, 1999 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரு சோதனை செய்தார்கள். குலைநோய்க்கு எளிதில் ஆட்படும் பசை அரிசி நெல்லை, நோயைத் தாங்கும் வீரிய ஒட்டு நெல்லின் வரிசைகளுக்கு இடையில் நட்டார்கள். தனியாக நட்டதோடு ஒப்பிட்டால் பசை நெல்லில் குலைநோய் 94 சதவீதம் குறைந்தது. 2000-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இது. அங்கேயும் அளந்துதான் கலந்தார்கள். எந்த வரிசையில் எந்த நெல் என்று தெரிந்துதான் நட்டார்கள்.

ஒட்டடானைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். குறுவைக்கு ஒன்று, தாளடிக்கு ஒன்று என்று நல்ல ரகங்கள் கையில் இருக்கும்போது, முக்கால் மகசூலுக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் 2012-இலிருந்து 2019 வரை எட்டு வருடம் தொடர்ந்து ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை. 2020-இல்தான் பழையபடி நாள் தவறாமல் திறந்தது, 2024-இல் மறுபடி ஜூலை 28 ஆகிவிட்டது. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் ஒரே ரகத்தை ஊர் முழுக்க ஒரே வாரத்தில் விதைப்பது பெரிய சூதாட்டம். நிலத்தில் பாதிக்கு ஒரு வயது ரகம், பாதிக்கு வேறு வயது ரகம் என்று தனித்தனி வயலில் போடுவதற்கு யாரும் தடை சொல்லவில்லை. ஒட்டடான் போட்டவர்கள் ஒரே வயலில் செய்ததை நாம் இரண்டு வயலில் செய்யலாம்.

பாரம்பரிய நெல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. பேருந்தில்கூட என்னைப் பிடித்துக் கேட்பார்கள். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு நீல அட்டை கிடைக்குமா? அரசு அறிவிக்கை செய்த ரகங்களுக்குத்தான் சான்று உண்டு. மற்றவற்றுக்கு அட்டை கிடையாது. அதற்காக அந்த விதையை வைத்திருப்பதோ பக்கத்து வயல்காரருக்குக் கொடுப்பதோ குற்றமாகாது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் விவசாயி தன் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உரிமை தருகிறது. வணிகப் பெயர் போட்டு மூட்டை கட்டி விற்கக் கூடாது, அவ்வளவுதான். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் விதை கை மாறியது இந்த உரிமையில்தான். இரண்டு கிலோ வாங்கிப் போ, அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடு என்பது அங்கே ஏற்பாடு. ஒரு தொழில்காரனாக அங்கே வாங்கியவர்களுக்கு நான் சொன்னது ஒன்றே: அட்டை இல்லாத விதைக்கு நீங்கள்தான் சான்று அலுவலர். பூக்கும்போது ஒரு நாள், அறுப்புக்கு முன் ஒரு நாள் வயலில் இறங்கி மற்றவற்றைப் பிடுங்காவிட்டால், நாலாம் வருடம் உங்கள் கையில் இருப்பது தூயமல்லியா வேறு ஏதாவதா என்று உங்களுக்கே தெரியாது.

இன்று டெல்டாவில் நெல் கலந்துபோகும் பெரிய இடம் அறுவடை மிஷின். வெளி மாவட்டத்திலிருந்து வரும் பெல்ட் வண்டி நேற்று வேறு ஊரில் வேறு நெல்லை அறுத்திருக்கும். அதன் தொட்டியிலும் சல்லடையிலும் திருகுக் குழாயிலும் அந்த நெல் மிச்சமிருக்கும். மணிக் கணக்கில் வாடகை ஓடுவதால் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஒரு பருவம் முழுக்கக் கலவன் பிடுங்கிய பெண்களின் உழைப்பு அந்தப் பத்து நிமிடத்தில் போய்விடும்.

ஆகவே சொந்த விதை எடுக்கிறவர்களுக்குக் கேட்டுக்கொள்வது இது. மிஷின் வயலில் இறங்கும் முன் வரப்பிலேயே நிறுத்தி, தொட்டியைத் திறந்து, காலியாக ஓட விட்டு, உள்ளே இருப்பதைத் தட்டி வெளியேற்றச் சொல்லுங்கள். முதலில் இறங்கும் இரண்டு மூன்று மூட்டையை விதைக்கு வைக்காமல் கொள்முதலுக்கு அனுப்பிவிடுங்கள். முடிந்தால் விதைக்கு வேண்டிய அளவை வயலின் நடுவிலிருந்து கையால் அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கர் நடவுக்கான விதைக்கு அது அரை நாள் வேலை. விதைப்பதற்கு ஒரு வாரம் முன்னால் நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள்; எண்பதுக்குக் குறைந்து முளைத்தால் அந்த விதையைச் சோற்றுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய விதையானால், ரசீதையும் மூட்டையில் தைத்திருக்கும் அட்டையையும் அறுப்பு முடியும் வரை பத்திரமாக வையுங்கள். புகார் சொல்ல வரும்போது நாங்கள் முதலில் கேட்பது அந்த இரண்டைத்தான்.